வெயிலும் வெந்நீரும்

மார்கழி மாதத்தில் விடியற்காலையில் கோயம்புத்தூரில் ஒரு வீட்டின் மொட்டை மாடியில் நின்று சுற்றிலும் பார்ப்பவர்களுக்கு ஒரு காட்சி புலப்படும். வீட்டுக்கு வீடு மாடியின்மேல் சாய்வாக நிறுத்திய கண்ணாடிக் குழல்களும், அவற்றின் தலைமாட்டில் படுக்க வைத்த உருளைத் தொட்டிகளும் தென்படும். சூரிய வெப்பத்தால் வெந்நீர் தரும் சாதனங்கள் இவை. ஆனால் இவற்றுள் எத்தனை உயிரோடு இருக்கின்றன என்று விசாரித்தால் துக்கமே மிஞ்சும். பலவற்றில் குழல்கள் உடைந்து, தொட்டியின் அடி துருவேறி, காகங்கள் உட்காருவதற்கன்றி வேறொன்றுக்கும் உதவாமல் கிடக்கின்றன. கீழே குளியலறையில் மின்சார கெய்சர் சிவப்பு விளக்கைக் காட்டிக் கொண்டிருக்கிறது. வீட்டுக்காரரைக் கேட்டால், "சோலார் எல்லாம் நமக்குச் சரிப்படாதுங்க, ரெண்டு வருஷம் ஓடுச்சு, அப்புறம் பச்சைத் தண்ணிதான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டுக் கெய்சரின் சுவிட்சைத் தட்டப் போய்விடுகிறார்.

இந்தத் தீர்ப்புச் சரியானதன்று என்பதே நம் கட்சி. குற்றவாளிக் கூண்டில் ஜனங்கள் சூரியனை நிறுத்தியிருக்கிறார்கள். அங்கே நிற்க வேண்டியவர்கள் வேறு. அவர்களில் வீட்டுக்காரரும் ஒருவர். நாமும் ஒருவராக நின்றவர்தாம். அந்தக் கதையைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். நால்வர் உள்ள குடும்பம். ஆளுக்கு இரண்டு வாளி வெந்நீர். வாளிக்கு 20 லிட்டர். ஆக 160 லிட்டர். குளிர்காலத்தில் 24 டிகிரியில் இருக்கும் தண்ணீரைக் குளிக்கத் தக்க 42 டிகிரிக்கு உயர்த்துவதற்குச் சுமார் மூன்றரை யூனிட் மின்சாரம் வேண்டும். நம் மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கப்படுவது. அந்த இரண்டு மாதத்தில் குளியலுக்கு மட்டும் ஏறக்குறைய 200 யூனிட் செலவாகிறது. யூனிட் ஏற ஏற விகிதமும் படிப்படியாக ஏறுகிற நம் கட்டண முறையில், இந்த 200 யூனிட்டும் உச்சிப் படியில் போய் உட்காருகிறது என்பதைக் குடும்பத் தலைவர்கள் கவனிக்க வேண்டும். இதே வேலையைச் செய்யச் சூரியனுக்கு வேண்டிய இடம் எவ்வளவு? 60 டிகிரி வெந்நீர் 80 லிட்டர் இருந்தால், அதற்குச் சமமாகப் பச்சைத் தண்ணீர் கலந்து மேற்சொன்ன 160 லிட்டரைப் பெறலாம். 100 லிட்டர்ச் சாதனம் ஒன்று போதும். அது மாடியில் கொள்ளும் வெயில் பரப்பு 2 சதுர மீட்டர். ஒரு கயிற்றுக் கட்டில் போடும் இடத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவே.

இது வெறும் வீட்டுச் செலவு விஷயம் மட்டுமன்று. 2024-ஆம் வருஷத்திலும் இந்தியாவில் உற்பத்தியான மின்சாரத்தில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நிலக்கரியிலிருந்தே வந்தது. நிலக்கரியை எரித்து நீராவியாக்கி, அந்த நீராவியால் சக்கரத்தைச் சுற்றி, மின்சாரம் எடுத்து, அதைக் கம்பி வழியே பல நூறு மைல் கொண்டு வந்து, முடிவில் அதைக் கொண்டு ஒரு வாளித் தண்ணீரைச் சூடாக்குகிறோம். நிலக்கரியில் இருந்த உஷ்ணத்தில் மூன்றில் ஒரு பங்குதான் மின்சாரமாக மாறுகிறது. மிகுதி புகைபோக்கி வழியாகவும் குளிர்விக்கும் தண்ணீரோடும் போய்விடுகிறது. ஒரு படி அரிசி சோறாக மூன்று படி அரிசியை உலையில் போடும் குடித்தனத்தை நாம் என்னவென்று சொல்வோம்? விளக்குக்கும் விசிறிக்கும் இயந்திரத்துக்கும் மின்சாரம் இன்றியமையாதது. குளிக்கும் தண்ணீருக்கு வேண்டுவது உஷ்ணம் மட்டுமே. அதை வானம் நேராகவே கொடுக்கிறது.

"மாடியில் சூரிய மின்பலகைகளை வைத்து, அந்த மின்சாரத்தாலேயே கெய்சரை ஓட்டினால் ஆகாதா?" என்று படித்த நண்பர்கள் நம்மைக் கேட்கிறார்கள். ஆகும். ஆனால் மின்பலகை தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது. தண்ணீர்ச் சாதனமோ பாதியளவை உஷ்ணமாகப் பிடித்து வைக்கிறது. ஒரு கிலோவாட் மின்பலகை நம் நாட்டில் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும். மேலே போட்ட கணக்குப்படி அதில் பெரும் பகுதி குளியலறையிலேயே கரைந்துவிடும். பலகையை வைத்திருப்பவர்கள் அதை மற்ற வேலைகளுக்கு வைத்துக் கொண்டு, வெந்நீருக்குத் தனியே ஒரு சாதனம் வைப்பதுதான் விவேகம் என்பது நம் அபிப்பிராயம்.

சாதனம் புதிதன்று. 1767-ஆம் வருஷத்திலேயே ஸ்விட்ஸர்லாந்து விஞ்ஞானி டி ஸோஸ்யூர் என்பவர் கண்ணாடி மூடிய பெட்டிக்குள் வெயிலைப் பிடித்துக் காட்டினார். 1891-இல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப், கறுப்புத் தொட்டிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதில் இராத்திரி வந்தால் தண்ணீர் ஆறிப் போகும். 1909-இல் கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி, வெயில் வாங்கும் பாகத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் பிரித்துத் தொட்டிக்குப் போர்வை போர்த்தினார். இன்று நம் மாடிகளில் இருப்பது அந்த அமைப்பின் வாரிசே. வெந்நீர் இலேசானது, ஆதலால் மேலே ஏறித் தொட்டியை அடைகிறது. பச்சைத் தண்ணீர் கனமானது, ஆதலால் கீழே இறங்குகிறது. பம்பு இல்லை, ஓடுகிற பாகம் ஒன்றுமில்லை. கலிபோர்னியாவில் பூமியிலிருந்து மலிவான எரிவாயு கிடைத்ததும் ஜனங்கள் இதைக் கைவிட்டார்கள். எண்ணெயும் கரியும் இல்லாத இஸ்ரேல் தேசமோ, 1980-இல் புது வீடுகளில் இச்சாதனம் கட்டாயம் என்று சட்டம் செய்தது. 1966-இல் பிரிட்டிஷ் ஆட்சியிலிருந்து விடுபட்ட பார்படோஸ் என்னும் சிறு தீவு, 1970-களில் தொடங்கி வரிச் சலுகை தந்து, உள்ளூரிலேயே இவற்றைச் செய்யும் தொழிலை வளர்த்துக் கொண்டது. எரிபொருளுக்கு அயலாரை அண்டி நிற்பதன் கஷ்டத்தை உணர்ந்தவர்கள் இதை விளையாட்டாக எண்ணவில்லை.

இனி நம் வீட்டுக் கதை.

நம் வீட்டில் வெகு காலம் தாமிர பாய்லர் ஒன்று இருந்தது. நடுவே நெருப்புக் குழாயும், சுற்றிலும் தண்ணீரும் உள்ள பழைய மாதிரி. தேங்காய் மட்டையும் சிரட்டையும் போட்டு எரிப்பார்கள். நம் தாயாருக்குப் புகை ஒத்துக் கொள்ளாமல் இருமல் கண்டபோது, பாய்லரை ஓரங்கட்டி 200 லிட்டர்ச் சூரிய சாதனம் ஒன்றை வாங்கினோம். விற்றவர் நல்ல பேச்சுக்காரர். காலையில் இரண்டு ஆட்கள் வந்தார்கள். மத்தியானத்துக்குள் மாட்டிவிட்டுப் போனார்கள். முதல் வருஷம் வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டிப் பெருமைப்பட்டோம். மூன்றாம் வருஷம் தண்ணீர் வெதுவெதுப்பாக வந்தது. அதற்கு முன்னமே ஒரு பங்குனி மாதத்தில் குழாய் ஒன்று வளைந்து, இணைப்பு விட்டு, மாடி முழுவதும் வெந்நீர் ஓடியது. நான்காம் வருஷம் குழல்களில் மூன்று நடுப்பகலில் வெடித்தன. விற்றவர் கடையில் சொன்ன பதில்: "வாரண்டி செல்லாது. உப்புத் தண்ணீருக்குக் கம்பெனி பொறுப்பில்லை என்று நிபந்தனையில் இருக்கிறது." பத்திரத்தை எடுத்துப் பார்த்தோம். இருந்தது, பின்பக்கத்தில், ஒன்பதாவது நிபந்தனையாக. ஊராருடைய பத்திரங்களுக்கெல்லாம் பொருள் சொல்லிப் பிழைத்த நாம், நம் வீட்டுப் பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பிறகு ஓர் இளைஞர் வந்தார். பாலிடெக்னிக்கில் படித்தவர், அதிகம் பேசாதவர். தொட்டியைத் திறந்து காட்டினார். சுண்ணாம்புச் சுவர் போல வெள்ளைப் பொறுக்கு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. அவர் அன்று மாடியைச் சுற்றி வந்து கண்டுபிடித்த குறைகள் ஒவ்வொன்றையும் இங்கே எழுதுகிறோம். ஏனெனில் ஊரில் செத்துக் கிடக்கும் சாதனங்களை நாம் பார்த்த வரையில் அவற்றின் வியாதியும் இவையே.

கோவை வாசிகளுக்கு நல்ல தண்ணீர், உப்புத் தண்ணீர் என்ற பேதத்தை விளக்க வேண்டியதில்லை. சிறுவாணியிலிருந்தும் பில்லூரிலிருந்தும் வருவது முன்னது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து ஏறுவது பின்னது. வீட்டில் இரண்டுக்கும் தனித்தனித் தொட்டி இருக்கும். நம் சாதனத்தை மாட்டியவர்கள் பக்கத்தில் இருந்த தொட்டி எதுவோ அதில் இணைத்துவிட்டார்கள். அது உப்புத் தொட்டி. உப்புத் தண்ணீரைச் சூடாக்கினால் அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு பிரிந்து படியும். சூடு ஏற ஏறப் படிவும் ஏறும். தாமிரத் தகட்டுச் சாதனத்தில் விரலினும் மெல்லிய குழாய்கள் இருப்பதால் அது சீக்கிரம் அடைபடும். கண்ணாடிக் குழல் சாதனம் அகலமானதால் சிறிது காலம் தாங்கும், ஆனால் முடிவு ஒன்றே. ஆகையால் நல்ல தண்ணீர் வீட்டுக்குத் தாமிரத் தகடு, உப்புத் தண்ணீர் தவிர வேறு வழியில்லாத வீட்டுக்குக் கண்ணாடிக் குழல் என்று கொள்ளலாம். பின்னதற்கு வருஷம் ஒரு முறை தொட்டியைக் கழுவிப் பொறுக்கை எடுக்க வேண்டும். தொட்டிக்குள் இருக்கும் மெக்னீஸியக் கம்பி, தான் அரிபட்டுத் தொட்டியைக் காப்பது. அது தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பதையும் விற்பவர்கள் சொல்லுவதில்லை.

குழாய் வளைந்ததன் காரணம் வேறு. வெந்நீர் இறங்கும் வழியில் சாதாரண பி.வி.சி. குழாயைப் போட்டிருந்தார்கள். அது பச்சைத் தண்ணீருக்கு ஆனது. 60 டிகிரிக்கு மேல் தளர்ந்து போகும். கோடையில் தொட்டித் தண்ணீர் 80 டிகிரியையும் தொடும். வெந்நீருக்கென்றே உள்ள சி.பி.வி.சி. குழாயைப் போட்டிருந்தால் இந்தச் சங்கடம் இல்லை. விலை வித்தியாசம் நம் வீட்டில் ஒரு வேளை விருந்துச் சாப்பாட்டுக்குக் காணாது.

குழல்கள் வெடித்ததற்குக் காரணம் தண்ணீர் நின்று போனதே. குழல் காலியாக வெயிலில் காய்ந்திருக்கும்போது திடீரென்று பச்சைத் தண்ணீர் ஏறினால் கண்ணாடி தாங்காது. காய்ந்த சட்டியில் தண்ணீர் ஊற்றும் கதைதான். தண்ணீர் சில நாட்களுக்கு ஒரு முறை வரும் வட்டாரங்களில் உள்ளவர்கள், தொட்டி வற்றிவிட்டதென்று தெரிந்தால் பகலில் நிரப்பாமல், அந்தி சாய்ந்து சூடு தணிந்த பிறகு நிரப்ப வேண்டும்.

எல்லாவற்றிலும் பெரிய பிழை ஒன்று உண்டு. அதைச் செய்தது நாமே. சாதனத்தைக் கிழக்குக் கோடியில் வைக்கச் சொன்னோம், தெருவிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியட்டும் என்று. குளியலறையோ மேற்குக் கோடியில். இடையே 80 அடி முக்கால் அங்குலக் குழாய். அந்தக் குழாயில் எப்போதும் ஏழு லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. குழாயைத் திறந்தால் அந்த ஏழு லிட்டர் ஆறின தண்ணீர் ஓடிப் போன பிறகுதான் வெந்நீர் எட்டிப் பார்க்கும். குளித்து முடித்தவுடன் அதே அளவு வெந்நீர் குழாயில் நின்று வீணாக ஆறும். நால்வர் நாலு வேளையில் குளித்தால் 30 லிட்டர் தண்ணீரும், அத்துடன் 30 லிட்டர் வெந்நீரின் உஷ்ணமும் நஷ்டம். "சோலாரில் தண்ணீர் சூடாகவில்லை" என்று வேலைக்காரப் பெண் சொன்னதெல்லாம் உண்மையில் இந்தக் குழாயைப் பற்றிய புகார். இளைஞர் சாதனத்தைத் தூக்கிக் குளியலறைக்கு நேர் மேலே வைத்தார், 20 அடி, அரை அங்குலக் குழாய், மேலே பஞ்சுறை. இப்போது குழாயில் நிற்பது ஒரு லிட்டர். அந்த ஒரு மாறுதலின் பலனைக் கண்டு, முன்பு இருந்த 200 லிட்டர்ச் சாதனத்தைப் பாதியாகக் குறைத்து 100 லிட்டராக வைத்துக் கொண்டோம். போதுமாக இருக்கிறது.

புது வீடு கட்டுகிறவர்களுக்கு இதுவே நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. சாதனத்தைப் பிறகு வாங்கலாம். குழாயைப் பிறகு போட முடியாது. சுவர் எழும்பும்போதே குளியலறைக்கும் சமையலறைக்கும் வெந்நீர்க் குழாயைத் தனியே இறக்கிவிட வேண்டும். பச்சைத் தண்ணீர்த் தொட்டியின் அடிமட்டம், வெந்நீர்த் தொட்டியின் தலைமட்டத்தைவிட உயரமாக இருக்கும்படி மேடை கட்ட வேண்டும். இல்லாவிடில் தண்ணீர் ஏறாது. தெற்கே தென்னை மரமோ பக்கத்து வீட்டு மாடியோ நிழல் தருகிறதா என்று மார்கழியில் பார்க்க வேண்டும்; சித்திரை வெயிலில் பார்த்து ஏமாறக் கூடாது. தட்சிணாயன முடிவில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் நிழல் நீளும். நமக்கு வெந்நீர் வேண்டியதும் அப்போதுதான். ஆகவே தெற்கு நோக்கி 20 அல்லது 25 டிகிரி சாய்வில் நிறுத்துவது நம் ஊருக்கு ஏற்றது. தொட்டியின் மேலே செங்குத்தாக நிற்கும் காற்றுக் குழாயைக் குப்பை விழுகிறதென்று சிலர் அடைத்து விடுகிறார்கள். அது ஆபத்து, ஆவி போக வழியில்லாமல் தொட்டி பிளந்து போகும்.

குழந்தைகளுள்ள வீட்டில் வேறோர் எச்சரிக்கை. மேகமில்லாத கோடை நாளில் குழாயில் வரும் தண்ணீர் தோலை உரித்துவிடும் சூடுடையது. வாளியில் முதலில் பச்சைத் தண்ணீரைப் பிடித்துப் பிறகே வெந்நீரைத் திறப்பது என்பதை வீட்டில் விதியாகவே வைக்க வேண்டும்.

மழை நாளுக்கென்று தொட்டிக்குள் மின்சாரக் கம்பி வைத்துக் கொடுக்கிறார்கள். அதை இராத்திரியிலேயே போட்டுவிட்டுத் தூங்கும் வீடுகள் பல. காலையில் தொட்டி நிறைய மின்சார வெந்நீர். பகலில் வருகிற சூரியனுக்குச் செய்ய வேலையில்லை. சாதனமும் வைத்துக் கொண்டு முன்போலவே பணமும் கட்டுகிறார்கள். குளிக்கும் முன், தண்ணீரைத் தொட்டுப் பார்த்துத் தேவையானால் மட்டும் போட வேண்டியது அது. நம் வீட்டில் அந்தச் சுவிட்சுக்குப் பூட்டுப் போட்டுச் சாவியைத் தாயாரிடம் கொடுத்திருக்கிறோம்.

அடுக்குமாடிகளில் குடியிருப்பவர்களின் விஷயம் சட்ட சம்பந்தமானது. மொட்டை மாடி பெரும்பாலும் எல்லோருக்கும் பொது. ஒருவர் தம் இஷ்டத்துக்குச் சாதனத்தைக் கொண்டு போய் நிறுத்தினால், மறு வாரமே வக்கீல் நோட்டீஸ் வரும். நாமே அப்படிப்பட்ட நோட்டீஸ்கள் எழுதியிருக்கிறோம். சங்கத்தின் கூட்டத்தில் தீர்மானம் செய்து, எந்தக் குடித்தனத்துக்கு எந்த இடம், ஒழுக்கு ஏற்பட்டால் பழுது யார் பொறுப்பு என்று எழுதிக் கொள்ள வேண்டும். வாய்ப் பேச்சு உதவாது.

சர்க்காரின் பங்கைப் பற்றியும் சொல்லாமல் இருக்க முடியாது. 2010-இல் தொடங்கிய தேசிய சூரிய சக்தித் திட்டத்தில், 2022-க்குள் 2 கோடி சதுர மீட்டர் பரப்புக்கு வெப்பச் சாதனங்களை அமைப்பது என்று லட்சியம் வைத்தார்கள். மானியமும் கொடுத்தார்கள்; 2014-இல் நிறுத்தினார்கள். 2024-இல் வந்த திட்டத்தில் வீட்டு மின்பலகைகளுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் அறிவித்தார்கள். வெந்நீர்ச் சாதனம் அதில் இடம் பெறவில்லை. கர்நாடகத்தில் பெங்களூர் மின்விநியோகக் கம்பெனி, 2007 முதல் புது இணைப்பு வாங்கும் வீடுகளுக்கு இச்சாதனத்தைக் கட்டாயமாக்கி, வைத்தவர்களுக்கு யூனிட்டுக்கு 50 பைசா வீதம் மாதம் 50 ரூபாய் வரை தள்ளுபடியும் கொடுத்தது. தொகை அற்பந்தான்; ஆனால் மாதாமாதம் பில்லில் வரும்போது வீட்டுக்காரருக்குச் சாதனத்தின் ஞாபகம் இருக்கும்.

மானியத்தை மறுபடி கொடு என்று நாம் கேட்கவில்லை. மானியத்துக்காக வாங்கிய சாதனங்களே இன்று காகத்துக்கு ஆசனமாக இருக்கின்றன. தகட்டுச் சாதனத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் உண்டு. அதன் எண் 12933. மாடியில் மாட்டும் வேலைக்கு எந்த நிர்ணயமும் பார்ப்பாரில்லை. தண்ணீரைப் பரிசோதிக்காமல் விற்கக் கூடாது, வெந்நீர் வழியில் பி.வி.சி. போடக் கூடாது, வாரண்டி நிபந்தனைகளைத் தமிழில் முன்பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று மூன்று விதிகள் போடுவதற்குக் கஜானாவிலிருந்து ஒரு காசும் வேண்டியதில்லை. கட்டட அனுமதி கொடுக்கும் அதிகாரிகள் வரைபடத்தில் வெந்நீர்க் குழாய் காட்டப்பட்டிருக்கிறதா என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். ஐ.டி.ஐ.-களில் குழாய் வேலை கற்கும் பிள்ளைகளுக்கு இதற்கென்று ஒரு மாதப் பயிற்சி கொடுத்தால், ஊருக்குப் பத்துப் பேர் இத்தொழிலில் கௌரவமாகப் பிழைப்பார்கள். நம் வீட்டுக்கு வந்த இளைஞர் இப்போது ஒரு நாளைக்கு மூன்று மாடி ஏறுகிறார். பெரும்பாலும் பிறர் மாட்டியதைக் கழற்றி மாட்டும் வேலையே.

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆனி ஆடி மாதங்களில் வரும் சாரல் கோவைக்குப் பழக்கமானது. சில சமயம் மூன்று நான்கு நாள் வெயிலே தலை காட்டாது. அப்போது என்ன செய்கிறீர்கள் என்று ஒரு நேயர் கேட்டிருக்கிறார். முதல் நாள் தொட்டியில் மிச்சமிருக்கும் சூடே போதும். இரண்டாம் நாள் வெதுவெதுப்போடு திருப்தியடைகிறோம். மூன்றாம் நாள் தாயார் சாவியை எடுக்கிறார், அல்லது கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் இன்னும் இருக்கிற தாமிர பாய்லரில் இரண்டு மட்டையைச் செருகச் சொல்லுகிறார். சென்ற வருஷம் அப்படிப் பற்ற வைத்த நாட்கள் ஐந்து.